அட்டையில யாரோட நம்பர் இருக்கு?

தங்கச்சிக்கு ஏழாவது மாசம். நேத்து அவளோட தாய் சேய் நல அட்டையைப் புரட்டினப்போதான் கவனிச்சேன், அதுல இருக்கிறது மாப்பிள்ளையோட போன் நம்பர். அவருக்குத் திருப்பூர்ல நைட் ஷிப்ட். அவளுக்குன்னு வந்த கர்ப்பகால மெசேஜ் எல்லாம் அவர் போன்லயே பிரிக்காம கிடக்கு.

உடனே செவிலியர் அக்காவுக்கு அவ நம்பரை வாட்ஸாப்ல அனுப்பினோம். கொஞ்ச நேரத்துல வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு: "இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோட போடாதம்மா. எலுமிச்சம்பழ ஜூஸோட போடு." இவ மூணு மாசமா காலை டீயோடதான் போட்டிருக்கா! ரத்த அளவு (ஹீமோகுளோபின்) 9-ஐத் தாண்டலையேன்னு அம்மா தினம் முருங்கைக்கீரை ஆக்கிட்டு இருந்தாங்க. டீ இரும்பை உடம்புல சேரவிடாதுன்னு யாருமே அவகிட்ட சொல்லலை.

மத்திய அரசோட 'கில்காரி'ங்கிற போன் சேவை பல மாநிலங்கள்ல இந்த மாதிரி விஷயங்களைக் குரலாவே சொல்லுது. நாலாவது மாசத்துலேர்ந்து குழந்தைக்கு ஒரு வயசு ஆகுற வரை வாரம் ஒரு அழைப்பு, மொத்தம் 72. படிக்கத் தெரியாத அம்மாவுக்கும் போய்ச் சேருமே, அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஆனா அதுவும் பதிஞ்ச நம்பருக்குத்தான் வரும்.

ஒண்ணு மட்டும். விடாத தலைவலி, கண் மங்கல், முகமோ கையோ வீக்கம், ரத்தப்போக்கு, குழந்தை அசைவு குறையுறது, இதுல எது இருந்தாலும் மெசேஜ் போட்டுட்டு பதிலுக்குக் காத்திருக்காதீங்க. நேரா 108.

உங்க வீட்ல யாராவது மாசமா இருந்தா இன்னிக்கே அந்த அட்டையை எடுத்துப் பாருங்க.