லிங்கன் கேள்வியில் என்னைக் கரைசேர்த்த புளியங்கொட்டைகள்

நேற்று முடிவு வந்தது. முதுகலை அமெரிக்க வரலாற்றுத் தாளில் இரண்டாம் முறையில் தேறிவிட்டேன். இன்னும் நம்ப முடியவில்லை.

போன முறை என்னைக் கவிழ்த்த கேள்வி இது: லிங்கன் கொலையை நேரில் கண்டோரின் சாட்சியங்களை மதிப்பிடுக. 1865 ஏப்ரல் 14, புனித வெள்ளி, ஃபோர்டு நாடக அரங்கு, துப்பாக்கி, குதிரை என்று நான்கு பக்கம் கதை எழுதினேன். 'மதிப்பிடுக' என்ற சொல் கண்ணில் பட்டது, மனத்தில் ஏறவில்லை.

இம்முறை சாட்சி என்ன சொன்னார் என்பதை ஒதுக்கிவிட்டு, எங்கே நின்றார் என்று தேடினேன். வரைந்து பார்த்தால்தான் எனக்கு எதுவும் நிற்கும். சமையலறைத் தரையில் சாக்பீஸால் மேடை போட்டேன். பார்வையாளருக்கு வலப்பக்கம் லிங்கனின் மாடம், எதிர்ப்பக்கம் அவரைச் சுட்ட நடிகன் ஜான் வில்க்ஸ் பூத் தப்பிய வழி. நடிகர்களுக்குப் புளியங்கொட்டைகள்.

• ஹாரி ஹாக்: அந்த நொடியில் மேடையில் தனியாக நின்ற நடிகர். கத்தியோடு குதித்த பூத் தன்னைத்தான் குத்த வருகிறான் என்று ஓடினார். அன்றிரவே அவருடைய வாக்குமூலம் சுருக்கெழுத்தில் பதிவானது.
• லாரா கீன்: நாடகத்தின் நாயகி. பின்னர் மாடத்துக்கே போனார். இரத்தக் கறை படிந்த அவருடைய சட்டைக் கைப்பட்டை வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.
• வில்லியம் விதர்ஸ்: இசைக்குழுவை நடத்தியவர். மேடைக்குப் பின்னால் பூத்தின் வழியில் நின்றதால் கோட்டில் கத்தி பாய்ந்தது. பூத்தின் ஓட்டத்துக்குத்தான் சாட்சி, துப்பாக்கிச் சூட்டுக்கு அல்ல.

கொட்டைகளை வைத்ததும் முரண்கள் தாமாக விளங்கின. "கொடுங்கோலர்களுக்கு என்றும் இதுவே கதி" என்ற லத்தீன் முழக்கம் மாடத்தில் எழுந்ததாக ஹாக் சொன்னார். மேடையில் கேட்டதாகச் சிலர் சொன்னார்கள். சுடுவதற்கு முன்பே முழங்கியதாகப் பூத் தன் நாட்குறிப்பில் எழுதினான். இந்த ஒரு பத்திக்காகத்தான் மதிப்பெண் கிடைத்தது என்று உறுதியாக நம்புகிறேன்.

வாக்குமூலத்தையும் பல்லாண்டு கழித்துச் சொன்ன நினைவையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். குழுவாகப் படிப்பது எனக்கு ஒத்துவரவில்லை. விடியற்காலைத் தனிமைதான் உதவியது.

மேடைத் தொழிலாளி ஸ்பேங்லரை மறக்காதீர்கள். பூத் குதிரையைப் பிடிக்கச் சொன்னான். அவர் அதை ஒரு பையனிடம் ஒப்படைத்துவிட்டு வேலைக்குத் திரும்பினார். பூத் தப்ப உதவியதாக ஆறாண்டுத் தண்டனை பெற்று, 1869இல் மன்னிப்பில் வெளியே வந்தார். பின்வாசலில் அவருக்கு வைத்த கொட்டையை மட்டும் நான் இன்னும் எடுக்கவில்லை.