பி மெமோ ரசீதும் ஒரு சிட்டிகை மண்ணும்

கடலூர் முதுநகரில் குத்தகைக் காலம் முடிந்து, கூரை சரிந்து, கருவேல முள் மண்டிக் கிடந்த பழைய ஐஸ் கம்பெனி மனையில், 2015 வெள்ளத்தில் உப்பனாற்றங்கரைக் குடிசைகளை இழந்த 18 குடும்பங்களும் அவர்களுக்குத் துணை நின்ற இளைஞர்கள் சிலரும் குடியேறியபோது, உலர் கழிப்பறையும் உரக்குழியும் அமைத்துத் தருவதற்காக நான் பணிபுரிந்த தொண்டு நிறுவனம் என்னை அங்கே அனுப்பியது. மழைக்காலத்தில் இரண்டடி தோண்டினாலே நீர் ஊறும் இடத்தில் குழிக் கழிப்பறை வைத்தால் அடிபம்புத் தண்ணீர் கெட்டுவிடும். ஆகவே தரைக்கு மேலே இரண்டு அறைகள் கட்டி, சிறுநீரைத் தனியே பிரித்து, மலத்தின் மேல் சாம்பல் தூவி, ஓர் அறை நிறைந்ததும் அதை மூடி மாதக்கணக்கில் உலரவிடும் முறையைத் தேர்ந்தெடுத்தோம். அந்த வேலை எதிர்பார்த்தபடியே முடிந்தது.

மண்தான் எங்களைச் சோதித்தது. ஐஸ் உறையவைக்கும் உப்புநீர்த் தொட்டி பல ஆண்டுகள் கசிந்திருந்த மூலையில், விதைத்த கீரை இரண்டிலை விட்டதும் நுனி கருகிச் சுருண்டது. தொழுவுரம் போதவில்லை என்று எண்ணி இன்னும் இரண்டு வண்டி கொட்டச் சொன்னேன். அது என் தவறு. "உரம் என்ன தம்பி செய்யும், உப்பு இறங்கணும்ல" என்றார், 2004 சுனாமிக்குப் பிறகு கடல்நீர் ஏறிய வயல்களில் கூலி வேலை பார்த்திருந்த ஓர் அக்கா. அவர் சொன்னபடி சிறு பாத்திகளாக வரப்புக் கட்டி, ஐப்பசி, கார்த்திகை மழையைத் தேக்கி, ஓரத்தில் வெட்டிய வடிகாலில் வடியவிட்டோம். ஒரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு அவர் தலையசைத்த பிறகே மறுபடி விதைத்தோம்.

1996 மே மாதம் லண்டனின் வாண்ட்ஸ்வொர்த்தில், கின்னஸ் நிறுவனத்தின் 13 ஏக்கர் தரிசில் ஆர்வலர்கள் குடியேறி வீடு கட்டித் தோட்டம் போட்டதையும், அக்டோபரில் அவர்கள் வெளியேற்றப்பட்டதையும் தோழர் ஒருவர் ஓர் இரவு விவரித்தார். கேட்டுக்கொண்டிருந்த எங்கள் குடும்பங்களில் தோட்டத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அந்த லண்டன்காரர்களிடம் என்ன காகிதம் இருந்தது என்றே கேட்டார்கள்.

எங்கள் மனை வருவாய்ப் பதிவேட்டில் தீர்வை ஏற்படாத தரிசு, அதாவது நிலவரி விதிக்கப்படாத அரசு நிலம். அரசு நிலத்தில் அனுமதியின்றி இருப்பவர்களுக்கு 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்படி அபராதம் விதித்து வரும் நோட்டீஸான பி மெமோவை அதுவரை நான் தண்டனையாகவே கருதியிருந்தேன். பட்டா இல்லாதவர்களுக்கோ, உரிமை எதுவும் தராவிட்டாலும், இந்த ஆண்டில் இந்த இடத்தில் இவர்கள் இருந்தார்கள் என்று அரசே எழுதித் தரும் சான்று அது. அபராத ரசீதுகளை ரேஷன் கார்டோடு ஒரே பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார்கள். அந்த ஆண்டு நான் அதிகம் எழுதியவை மனுக்கள்தான். அது என் பணிக்குப் புறம்பானது என்று மேலதிகாரி ஒருவர் குறித்துவைத்ததை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை; நாளையே இடிபடக்கூடிய இடத்தில் எந்த அறையை மாதக்கணக்கில் உலரவிடுவது?

பட்டா இன்னும் வரவில்லை. கடைசியாக நான் போனபோது தொட்டி இருந்த மூலையில் தண்டுக்கீரை முழங்கால் உயரம் நின்றது; அந்த அக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, அவ்வாண்டு ரசீதை எடுத்து வந்து, புல எண் சரியாக இருக்கிறதா என்று என்னை உரக்க வாசிக்கச் சொன்னார்.