காணாமல் போன குதிரைகள்: ஒரு பழைய ஸ்கார்ப்பியோவின் நாட்குறிப்பு

2025 ஜனவரி 5

நேற்று குடும்பத்தோடு வால்பாறை. ஆழியாறிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள். எங்கள் மானம் ஒன்பதாவதிலேயே போய்விட்டது, லோம்ஸ் வியூ பாயின்ட் பக்கத்தில். வண்டிக்குள் ஏழு பேர், மேலே கேரியரில் மூட்டை முடிச்சு, கூடவே சின்ன கேஸ் அடுப்பு. இரண்டாவது கியரில் திருப்பி ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் முனகுகிறதே தவிர வண்டி ஏறவில்லை. முதல் கியருக்குத் தட்டுவதற்குள் பின்னால் வந்த அரசுப் பேருந்து ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டது. முன் சீட்டில் அப்பா. ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

வண்டி அவர் 2010 ஜூனில் வாங்கியது. 2.2 லிட்டர் எம்ஹாக் டீசல் இன்ஜின். கம்பெனி கணக்கில் 120 குதிரைத்திறன், 290 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சுழற்றும் விசை. அதே 2.2 லிட்டர் இன்ஜினை 2017 ஸ்கார்ப்பியோவில் 140 குதிரைத்திறன், 320 நியூட்டன் மீட்டர் என்று கொடுத்தார்கள். அவர்களால் முடிந்தது நமக்கு முடியாதா என்று இரவெல்லாம் ஓடியது.

ஜனவரி 12

இந்த வாரம் முழுக்க இலவச ஆலோசனை. மச்சான் ஒரு சிவப்பு நிறக் கூம்பு ஃபில்டரின் படத்தை அனுப்பி, "இதைப் போட்டா பறக்கும் மாப்ள" என்கிறான். பானெட்டுக்குள் திறந்து கிடக்கும் ஃபில்டர் இன்ஜின் சூட்டைத்தான் உறிஞ்சும். சூடான காற்றில் ஆக்சிஜன் குறைவு. பெரிதாக இருக்கப்போவது சத்தம் மட்டும்தான்.

அடுத்தது ட்யூனிங் பாக்ஸ். டீசல் அழுத்தத்தை அளக்கும் ரெயில் பிரஷர் சென்சாருக்கும் இன்ஜின் கம்ப்யூட்டருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு "அழுத்தம் குறைவாக இருக்கிறது" என்று பொய் சொல்லும். கம்ப்யூட்டர் அதை நம்பி அழுத்தத்தை ஏற்றும், டீசல் கூடுதலாகப் பாயும். மலிவுதான். ஆனால் பொய் சொல்லி வேலை வாங்கும் ஆளை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. ரீமேப் அப்படியில்லை, கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கணக்கையே மாற்றி எழுதுவது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெக்கானிக் சொன்னார்: "புதுசா சேக்கறது அப்புறமுங்ண்ணா. இருக்க வேண்டியது இருக்குதான்னு மொதல்ல பாப்போங்க."

ஜனவரி 25

குதிரைத்திறன் அளக்கும் டைனோவில் ஏற்றினோம். பட்டை போட்டு வண்டியை இறுக்கிக் கட்டி, பின் சக்கரங்களை உருளை மேல் ஓடவிட்டு அளக்கிறார்கள். திரையில் வந்த எண் 81.

120 என்பது இன்ஜினில் அளந்தது. கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் எல்லாம் தம் பங்கை எடுத்துக்கொண்ட மிச்சம்தான் சக்கரத்துக்கு வரும். தோராயமாக 15 சதவீதம் போனாலும் 100 பக்கம் வந்திருக்க வேண்டும். இருபது குதிரை எங்கேயோ மேயப் போயிருக்கிறது. எத்தனை வருடமாக என்று தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் போனதால் யாருக்கும் உறைக்கவில்லை.

பிப்ரவரி 2

ஒரு குதிரைக் கூட்டம் அகப்பட்டது. மெக்கானிக்கிடம் சொந்தமாகச் செய்த கருவி ஒன்று இருக்கிறது: பிவிசி பைப் மூடியில் ஓட்டை போட்டு, ட்யூப்லெஸ் டயர் வால்வைச் சொருகியது. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றி அதில் இந்த மூடியை மாட்டினார். அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைத் தாண்டி இன்ஜினுக்குள் போகும் முனையில் இன்னொரு மூடி. டயருக்குக் காற்றடிப்பது போல மெதுவாக அடித்தார். 15 பிஎஸ்ஐ-க்கு மேல் வேண்டாம் என்று என்னை மீட்டரைப் பார்க்கச் சொன்னார். 5 வரை ஒன்றுமில்லை. 8-ஐத் தொட்டதும் எங்கோ புஸ்ஸென்று சத்தம். சோப்புத் தண்ணீரைத் தெளித்தால் இன்டர்கூலர் ஹோஸின் அடிவளைவில் நுரை கொப்பளித்தது.

கழற்றிக் கையில் கொடுத்தார். பார்த்தால் நல்ல ஹோஸ்தான். வளைவை இரண்டு கட்டைவிரலால் விரித்தபோதுதான் ஒரு அங்குல நீளத்துக்கு மீன் வாய் மாதிரி பிளந்தது. விட்டதும் மூடிக்கொண்டது. சும்மா நிற்கும்போது மூடியிருக்கும், டர்போ காற்றைத் தள்ளும்போது மட்டும் திறக்கும். சுற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கு, அதில் ஒட்டிய புழுதி. இத்தனை நாளும் பானெட்டைத் திறந்தபோதெல்லாம் அந்தக் கறுப்பைப் பார்த்திருக்கிறேன். பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 16

புது ஹோஸ், புது கிளாம்புகள் போட்டாயிற்று. இன்று இஜிஆர் வால்வு. எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் வழி அது. தார் போல அப்பியிருந்த கரியை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. இன்டேக் வாயிலும் அதே கதை.

"தகடு வெச்சு அடைச்சுருங்க, தொல்லையே இல்லை" என்று பட்டறைக்கு வந்த இன்னொருவர் யோசனை சொன்னார். நைட்ரஜன் ஆக்சைடு குறையத்தான் அந்த வால்வு இருக்கிறது. என் மகள் சைக்கிளில் போகும் தெருவில்தான் நானும் புகை விடுகிறேன். சுத்தம் செய்து திரும்ப மாட்டச் சொன்னேன்.

மார்ச் 9

இன்றைய குற்றவாளி நான். நான்கு வருடங்களுக்கு முன் கம்பீரமாக இருக்கட்டும் என்று பெரிய டயர் போட்டேன். கம்பெனி அளவு 235/70, நான் போட்டது 245/75, ரிம் அதே 16 அங்குலம். கணக்குப் போட்டுப் பார்த்தால் கம்பெனி டயரின் விட்டம் 735 மில்லிமீட்டர், என்னுடையது 774. ஐந்து சதவீதம் பெரிது. அதாவது எல்லா கியரும் ஐந்து சதவீதம் நீண்டுவிட்டது, சக்கரம் தரையைத் தள்ளும் விசை அதே அளவு குறைந்துவிட்டது. ஸ்பீடோமீட்டரும் இத்தனை நாள் குறைத்துக் காட்டியிருக்கிறது. காசு கொடுத்து வலுவைக் குறைத்துக்கொண்டவன் நான்.

எப்படியும் தேய்ந்திருந்தது. பழைய அளவுக்கே திரும்பினேன். மேல் கேரியரும் இறங்கிவிட்டது.

மார்ச் 23

மறுபடி டைனோ. 99. மெக்கானிக் சிரிக்கக்கூட இல்லை, டீ சொன்னார்.

ஏப்ரல் 6

நியாயமாக இங்கே நிறுத்தியிருக்க வேண்டும். ஆசை விடவில்லை. ரீமேப் செய்யும் ஒரு ட்யூனர், சில நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள் என்றார். முதலில் இன்ஜின் கம்ப்யூட்டரின் ஒரிஜினல் ஃபைலைப் படித்து எனக்கு ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார். பிறகு டர்போ அழுத்தம், டீசல் அளவு, டார்க் வரம்பு மூன்றையும் அளவாக ஏற்றினார். சக்கரத்தில் 118.

நீலாம்பூர் பைபாஸில் மூன்றாவது கியரில் மிதித்தபோது சீட் முதுகைத் தள்ளியது. பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது. பின் கண்ணாடியில் கறுப்பாக ஒரு கொத்துப் புகையும் தெரிந்தது. அதைப் பார்க்காத மாதிரி இருந்தேன்.

ஏப்ரல் 9

நான்காவது கியர், 1800 ஆர்பிஎம், முழு மிதி. ஆர்பிஎம் முள் விறுவிறுவென்று 2600-க்கு ஏறுகிறது, வேகம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. பிறகு கருகிய நாற்றம். கிளட்ச் வழுக்குகிறது. பழைய டார்க்குக்கே தேய்ந்து போயிருந்த தட்டு, புதிய டார்க்கை எப்படித் தாங்கும்?

ஏப்ரல் 13

கிளட்ச் செட் மாற்றக் கியர்பாக்ஸை இறக்கியிருக்கிறார்கள். சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில் சட்டத்தைப் படித்தேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, ஆர்சி-யில் உள்ள கம்பெனி விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்தில் மாற்றி எழுதப்பட்ட 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. விபத்து என்று ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ்காரர் முதலில் இதைத்தான் தோண்டுவார். ஜூனில் வண்டிக்கு 15 வருடம் முடிகிறது. ஆர்சி-யை ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும்.

ட்யூனரைக் கூப்பிட்டு ஒரிஜினல் ஃபைலையே திரும்பப் போடச் சொல்லிவிட்டேன். அவருக்கு வருத்தம். எனக்கு அதைவிட.

மே 20

புகைச் சோதனை. இந்த வயது டீசலுக்குப் புகை அடர்த்தி வரம்பு 2.45, எங்களுக்கு வந்தது 1.1. ஆர்டிஓ அலுவலகத்தில் வண்டியைக் காட்டியாயிற்று. பசுமை வரியும் கட்டியாயிற்று.

ஜூன் 8

மறுபடி வால்பாறை. அதே ஏழு பேர், அடுப்பு மட்டும் இல்லை. லேசான தூறல். ஒன்பதாவது வளைவில் வேண்டுமென்றே இரண்டாவது கியரிலேயே திருப்பினேன். 1500-ஐத் தாண்டியதும் டர்போ லேசாக விசிலடித்தது, வண்டி முனகாமல் ஏறியது. பின்னால் யாரும் ஹாரன் அடிக்கவில்லை.

அப்பாவைப் பார்த்தேன். வெளியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பாமலேயே சொன்னார்: "வாங்குனப்பவே இப்படித்தான கண்ணு ஏறுச்சு. இதுக்கா ஆறு மாசம்?"

பென்டிரைவில் மகள் பாட்டு ஏற்றி வைத்திருக்கிறாள். இறங்கும்வரை அதுதான் ஓடியது.