ஒரு நிமிடம் என்றால் முழுதாக ஒரு நிமிடம்

கருப்பைவாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே பிடிக்கப் பெரிய இயந்திரம் வேண்டியதில்லை என்பதற்குத் திண்டுக்கல் மாவட்டமே சாட்சி. 2000-இல் தொடங்கிய ஆய்வில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குப் பயிற்சி பெற்ற நர்ஸ்கள் ஒரே ஒரு முறை வி.ஐ.ஏ. பரிசோதனை, அதாவது கருப்பைவாயில் அசிட்டிக் அமிலம் ஒற்றி வெளுக்கிறதா என்று கண்ணால் பார்க்கும் பரிசோதனை, செய்தார்கள். 2007-இல் வெளியான முடிவின்படி, பரிசோதனை நடந்த பகுதிகளில் நோய் 25 சதவீதமும் சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தது.

கையில் இருப்பது அசிட்டிக் அமிலமும் பஞ்சும்தான், அதனால் கைப்பக்குவம்தான் எல்லாம். 95 மில்லி காய்ச்சி வடித்த தண்ணீரில் 5 மில்லி கிளேசியல் (தண்ணீர் சேராத) அசிட்டிக் அமிலத்தைக் கலக்க வேண்டும். கலக்காத அமிலம் பட்டால் திசு வெந்துவிடும். கரைசலைத் தினமும் காலையில் புதிதாகக் கலக்குங்கள்; நேற்றைய மிச்சத்தை நம்பாதீர்கள். மஞ்சள் டார்ச் வெளிச்சத்தில் வெண்மை தெரியாது, வெள்ளை விளக்கு அவசியம்.

ஸ்பெகுலம் (உள்ளே பார்க்கப் பிறப்புறுப்பை விரிக்கும் கருவி) வைத்து, சளியைத் துடைத்து, நனைத்த பஞ்சை ஒற்றியபின் கடிகாரத்தைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் காத்திருங்கள். வெளியே வரிசை நீளும்போது இருபது நொடியில் 'நார்மல்' என்று எழுதிவிடும் பழக்கம் வந்துவிடும். பல புண்கள் தவறுவது அங்கேதான். கருப்பைவாய்த் துளையைச் சுற்றி இரண்டு வகைத் தோல் சேரும் எல்லைக்கோடு இருக்கிறது. அதை ஒட்டி, ஓரம் தெளிவாக, சுண்ணாம்பு அடித்த மாதிரி அடர்த்தியாக வெளுத்தால்தான் பாசிட்டிவ். எல்லையை விட்டுத் தள்ளி, திட்டுத் திட்டாக மங்கலாக வெளுப்பது பெரும்பாலும் அழற்சி. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அந்த எல்லை பெரும்பாலும் உள்ளே ஏறிவிடும். எல்லை தெரியாவிட்டால் நெகட்டிவ் என்று எழுதவே கூடாது. வேறு பரிசோதனைக்கு அனுப்புங்கள். கண்ணுக்கே கட்டி தெரிந்தால் அமிலம் எதற்கு, நேராக பயாப்ஸிதான் (சிறு துண்டு திசு எடுத்துச் சோதிப்பது).

திண்டுக்கல்லில் பாசிட்டிவ் வந்தவர்களுக்கு அதே வருகையிலேயே கால்போஸ்கோபி (பெரிதாக்கிக் காட்டும் கருவியால் கருப்பைவாயைப் பார்ப்பது), பயாப்ஸி, தேவைப்பட்டால் கெட்ட திசுவை உறைய வைத்து அழிக்கும் சிகிச்சை எல்லாம் கிடைத்தன. அந்த எண்களுக்குப் பின்னால் இருப்பது இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். சீட்டு எழுதி மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பினால் ஒரு நாள் கூலி போகும், இரண்டு பஸ் மாற வேண்டும், போன நாளில் ஓ.பி. இருக்காது. அந்தப் பெண் திரும்பி வரமாட்டார்.

அதே நாளில் முடியாத இடத்தில், தேதியை நீங்களே கேட்டு வாங்கிச் சீட்டில் எழுதுங்கள். "அக்கா, இது கேன்சர்னு அர்த்தமில்ல, பெரிய டாக்டர் ஒரு தடவை பார்க்கணும்" என்று சொல்லி அனுப்புங்கள். பயாப்ஸித் துண்டை அதன் அளவைப்போல் பத்து மடங்கு 10 சதவீத ஃபார்மலினில் (திசு கெடாமல் காக்கும் திரவம்) போட வேண்டும். சலைனில் (உப்புநீரில்) போட்டால் திசு கெட்டுப்போகும். பெயரை மூடியில் எழுதாமல் புட்டியின் உடம்பில் ஒட்டுங்கள், மூடிகள் மாறிவிடும். ஃபோன் நம்பர் வாங்கும்போது அது யார் கையில் இருக்கும் போன், ரிசல்ட்டை அவரிடம் சொல்லலாமா என்பதையும் கேட்டுப் பதிவேட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.