நாலாம் வார்த்தை

2025 மார்ச் 5, புதன்

சாம்பல் புதன். எங்கள் சபையில் நெற்றியில் சாம்பல் பூசுகிற வழக்கம் கிடையாது. 51ஆம் சங்கீதத்தை வாசித்து, முழங்காலில் நின்று பாவ அறிக்கை சொல்லி முடிப்போம். மூட்டு வலியில் நான் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வெளியே வந்து செருப்பைத் தேடும்போது எங்கள் சபைப் போதகரான ஐயர் பக்கத்தில் வந்து நின்றார்.

"டீச்சரம்மா, பெரிய வெள்ளிக்கு ஏழு வார்த்தையில ஒண்ணு நீங்க பேசணும். நாலாவது."

சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகள் அவை. முதல் வார்த்தை மன்னிப்பு, இரண்டாவது கள்ளனுக்குப் பரதீசு, மூன்றாவது தாயும் சீஷனும். இதெல்லாம் யாருக்கும் பேச வரும். நாலாவது, ‘ஏலீ, ஏலீ, லாமா சபக்தானி’. என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர். இதை வாங்கிக்கொள்ள வருஷா வருஷம் ஆள் தேட வேண்டியிருக்கும்.

"உங்களுக்குத்தான் சரியா வரும்னு தோணுச்சு" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அண்ணன் போய் ஐந்து மாதம் ஆகிறது. அடக்க ஆராதனை நடத்தியதே இவர்தான்.

சரி என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிய பிறகுதான் கை நடுங்கியது. இன்னும் 44 நாள் இருக்கிறது. எழுதிக்கொண்டே வந்தால் ஏதாவது பிடிபடாதா என்றுதான் இந்த நோட்டைத் தொடங்குகிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

மதியம் மைனி வீட்டுக்குப் போனேன். லெந்து நாள் என்பதால் கறி மீன் இல்லை. சாம்பார், அவியல், அப்பளம். அண்ணன் இருந்தவரை இந்த நாற்பது நாளும் முனகிக்கொண்டேதான் சாப்பிடுவார்.

ஃபிரிட்ஜ் கதவில் அந்த அட்டை இன்னும் இருக்கிறது. போன வருஷம், அதாவது 2024 புத்தாண்டு ஆராதனையில் அண்ணன் எடுத்த வாக்குத்தத்த அட்டை. நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் தாம்பாளத்தில் அட்டைகளைக் கவிழ்த்து நீட்டுவார்களே, ஆளுக்கு ஒன்று எடுப்போமே, அதுதான். ஓரத்தில் ரோஜாப் பூ, நடுவில் 91ஆம் சங்கீதம்: "நீடித்த நாட்களால் அவனைத் திருப்தியாக்கி, என் இரட்சிப்பை அவனுக்குக் காண்பிப்பேன்."

மார்ச்சில் வயிற்று வலி என்று போனார். கணையத்தில் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது என்றார்கள். அக்டோபரில் அடக்கம்.

அட்டையின் ஒரு மூலை ஈரத்தில் ஊறிச் சுருண்டிருக்கிறது. ரோஜாவின் சிவப்பு ஒழுகி ‘நீடித்த’ மேல் இறங்கியிருக்கிறது. கழற்றிவிடலாமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

உபவாச ஜெபம். சாட்சி நேரத்தில் மூன்று பேர் எழுந்தார்கள். ஒருவர் மகனுக்குக் கனடா விசா. ஒருவருக்குக் கட்டி கரைந்துவிட்டது. இன்னொருவர் விபத்தில் தப்பியவர். எல்லாருக்கும் ‘அல்லேலூயா’ சொன்னேன், மனதாரத்தான் சொன்னேன்.

ஆனால் சுகமானவர்கள் கைக்குத்தான் மைக் போகிறது. சுகமாகாமல் போனவர்களின் வீட்டார் மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்து உட்கார்ந்து கைதட்டுகிறோம். பத்துப் பேருக்காக ஜெபித்து இருவர் பிழைத்தால் அந்த இருவரின் கதையே சபையின் கதையாகிவிடுகிறது. முப்பது வருஷம் தாள் திருத்தியவள் நான். தேறியவர்களின் தாளை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு நூற்றுக்கு நூறு என்று சொன்னால் எந்தத் தலைமையாசிரியர் ஒத்துக்கொள்வார்?

இதை எழுதும்போதே பயமாக இருக்கிறது. அம்மா இருந்தால் வாயில் போட்டிருப்பாள்.

மார்ச் 22, சனி

வேதாகமத்தில், பிள்ளைகளையும் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் புத்தகத்தை ஒரே மூச்சில் வாசித்தேன். பள்ளிக்கூடத்தில் ‘யோபுவின் பொறுமை’ என்று சொல்லிக்கொடுத்தோம். மூன்றாம் அதிகாரத்துக்கு மேல் அந்த மனுஷனிடம் பொறுமை எங்கே இருக்கிறது? பிறந்த நாளைச் சபிக்கிறான், கடவுளை வழக்குக்கு இழுக்கிறான்.

அவன் சிநேகிதர்கள் முதலில் செய்தது நல்ல காரியம். ஏழு நாள் தரையில் கூட உட்கார்ந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. வாயைத் திறந்தபோதுதான் எல்லாம் கெட்டது. நீ ஏதோ தப்பு செய்திருப்பாய், யோசித்துப் பார் என்றார்கள்.

அண்ணன் படுக்கையில் இருந்தபோது வெளியூரிலிருந்து ஓர் ஊழியக்காரர் ஜெபிக்க வந்தார். கையில் எண்ணெய்க் குப்பி. அரைமணி நேரம் சத்தமாக ஜெபித்துவிட்டு, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, "இந்த வீட்ல யாருக்கோ விசுவாசக் குறைவு இருக்கு, அதான் தடை" என்றார். மைனி அப்போது அவருக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். டம்ளரும் டவராவும் ஒரு நிமிஷம் அப்படியே நின்றன. அதற்கப்புறம் எத்தனை ராத்திரி அவள் தன்னையே தோண்டித் தோண்டிப் பார்த்தாளோ.

38ஆம் அதிகாரத்தில் கடவுள் பேசுகிறார். பதில் சொல்லவில்லை, கேள்விதான் கேட்கிறார். "நான் பூமியை அஸ்திபாரப்படுத்துகிறபோது நீ எங்கேயிருந்தாய்?" காட்டுக்கழுதை, தீக்கோழி, முதலை என்று நாலு அதிகாரம் போகிறது. ‘உன் பிள்ளைகள் ஏன் செத்தார்கள்’ என்பதற்கு ஒரு வரி கிடையாது. சின்ன வயதில் இது எனக்கு மிரட்டலாகப் பட்டது. இப்போதும் பாதி அப்படித்தான் படுகிறது. ஆனால் கடைசி அதிகாரத்தில் ஒன்றைக் கவனித்தேன். நிதானமாகப் பேசியவன் யோபுதான், நீங்கள் அல்ல என்று சிநேகிதர்களைப் பார்த்துச் சொல்கிறார். அவருக்காக வக்காலத்து வாங்கியவர்கள் திட்டு வாங்குகிறார்கள். சண்டை போட்டவனுக்கு நற்சான்று.

மார்ச் 30, ஞாயிறு

தமிழ் டீச்சர் புத்தி போகுமா. பிரசங்கம் நடக்கும்போது சொற்களை நோண்டிக்கொண்டிருந்தேன்.

நம் வேதாகமத்தில், பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 13ஆம் அதிகாரத்தில், "விசுவாசம், நம்பிக்கை, அன்பு இம்மூன்றும்" என்று வரும். அங்கே நம்பிக்கை என்பது இனி வரப்போவதை எதிர்பார்ப்பது. தெருவில் நம்பிக்கை என்றால் வேறு: ஆளை நம்புவது, கடைக்காரனை நம்புவது. விசுவாசமோ கோயிலுக்கு வெளியே வந்தால் நாய்க்குத்தான். நாய் விசுவாசமான பிராணி என்று மூன்றாம் வகுப்பில் கட்டுரை எழுதியவர்கள்தானே நாமெல்லாம். அங்கே அதற்கு ‘உண்மை என்று ஒத்துக்கொள்வது’ என்ற பொருளே இல்லை. விட்டுப் போகாமல் இருப்பது, அவ்வளவுதான்.

ஊழியக்காரர் அளந்து பார்த்துக் குறைவு என்று சொன்னது எந்த விசுவாசத்தை? மைனி ஏழு மாதம் படுக்கையோரத்தில் பாயை விரித்துப் படுத்தாளே, அதையும் சேர்த்தா?

அதே 13ஆம் அதிகாரத்தில் இன்னொரு சொல்: "இப்பொழுது கண்ணாடியிலே நிழலாட்டமாய்ப் பார்க்கிறோம்." கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் இருப்பது விடுகதை என்று பொருள்படும் சொல். கொரிந்து பட்டணம் வெண்கலக் கண்ணாடிக்குப் பேர்போனது. அதில் முகம் தெரியும், தெளிவாகத் தெரியாது. தமிழில் பெயர்த்தவர்கள் ‘நிழலாட்டம்’ என்று போட்டார்கள். அம்மாவின் பீரோவில் ரசம் போன கண்ணாடி ஒன்று உண்டு. பொட்டு வைக்கலாம், நரைமுடி தேட முடியாது. பவுலுக்கே அந்தக் கண்ணாடிதான் என்றால் எனக்கு என்ன குறை.

ஏப்ரல் 3, வியாழன்

ஜெபம் வரவில்லை. நான்கு நாளாக வரவில்லை. 88ஆம் சங்கீதம் மட்டும் வாசித்தேன். புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் ஸ்தோத்திரத்துக்குத் திரும்பிவிடும். இது திரும்பாது. "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்." அத்தோடு சரி. இதையும் வெட்டாமல் தொகுப்பில் சேர்த்தவர் யாரோ, அவருக்கு நன்றி.

ஏப்ரல் 8, செவ்வாய்

எதிர்வீட்டு அக்கா ஆர்.சி. சிலுவைப்பாதை முடிந்து வரும்போது திண்ணையில் உட்காருவார். ஜெபம் வரவில்லை என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "மதர் தெரசாவுக்கே வரலியாம்ல" என்றார் சாதாரணமாக.

உண்மைதான். அவர் இறந்து பத்து வருஷம் கழித்து, 2007இல், அவருடைய கடிதங்கள் வெளியாயின. கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் உள்ளே இருட்டு, கடவுள் இல்லாதது போன்ற வெறுமை. 1979இல் நோபல் பரிசு வாங்கியபோதும் அது இருந்தது. 2016இல் அவரைப் புனிதர் என்று அறிவித்தவர்கள் அந்தக் கடிதங்களைத் தெரிந்தேதான் அறிவித்தார்கள்.

"பின்ன எப்படிக்கா அத்தனை வருஷம் காலம்பற எந்திரிச்சாங்க?"

"எந்திரிக்காம? நோயாளி காத்துக் கிடப்பாங்கல்லா" என்றார். முள்முருங்கை இலை கேட்டார், பறித்துக் கொடுத்தேன்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

பவனி. வெயில். பிள்ளைகள் ஓலையால் ஒருவரையொருவர் குத்திக்கொண்டே ஓசன்னா பாடினார்கள். பேச்சு இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை.

ஏப்ரல் 17, பெரிய வியாழன், இரவு

திருவிருந்து முடிந்து வந்து உட்கார்ந்தேன். நாலு தாள் கிழித்தாயிற்று.

இந்த வார்த்தைக்கு எல்லாரும் சொல்கிற விளக்கம் எனக்கு மனப்பாடம். அது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி, அந்தச் சங்கீதம் ஜெயத்தில் முடிகிறது, ஆகவே இயேசு ஜெயத்தைத்தான் சொன்னார். கேட்கக் கேட்க எரிச்சல் வருகிறது. வலியில் ‘அம்மா’ என்று கத்துகிறவனிடம் போய், நீ தாய்மொழியின் சிறப்பைத்தானே சொல்கிறாய் என்பது மாதிரி.

மத்தேயுவிலும் மாற்குவிலும் சிலுவையில் அவர் பேசியது இந்த ஒரு வாக்கியம்தான். மற்ற ஆறும் லூக்காவிலும் யோவானிலும் இருப்பவை. அவர் சொன்ன மொழியிலேயே சத்தத்தை எழுதிவைத்துவிட்டு, பிறகுதான் பொருள் சொல்கிறார்கள். பக்கத்தில் நின்றவர்களுக்கோ அதுவும் சரியாகக் காதில் விழவில்லை. எலியா தீர்க்கதரிசியைக் கூப்பிடுகிறான் என்றார்கள். ஒருவன் காடியில் தோய்த்த கடற்காளானோடு ஓடினான். மேலேயிருந்து பதில் இல்லை, கீழேயிருந்து தப்பான பதில்.

இதைத்தான் பேசப் போகிறேன். நடப்பது நடக்கட்டும்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

பன்னிரண்டிலிருந்து மூன்று. கோயிலில் நெருக்கம், எல்லாரும் வெள்ளை. என் முறை ஒன்றரைக்கு வந்தது. பன்னிரண்டு நிமிஷம் பேசினேன்.

அண்ணன் பெயரைச் சொல்லக் கூடாது என்று இருந்தேன், சொல்லிவிட்டேன். அட்டையைப் பற்றியும் சொன்னேன். "எனக்கு ஏன் என்று தெரியாது. தெரிந்த மாதிரி இங்கே நின்று பேசினால் பொய் சொன்னவளாவேன். இயேசு கேட்ட கேள்விக்கும் அன்றைக்குப் பதில் வரவில்லை. அவருக்குப் பக்கத்தில் நின்று நாமும் அதையே கேட்கலாம்" என்றேன். அதற்கு மேல் தொண்டை அடைத்தது. மாற்கு 9இல், அசுத்த ஆவி பிடித்த பிள்ளையை இயேசுவிடம் கொண்டுவந்த தகப்பன் கதறுவதை வாசித்து முடித்தேன்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." ஒரே மூச்சில் இரண்டையும் சொல்கிறான். அவனிடம், முதலில் இரண்டாவதைச் சரிபண்ணிக்கொண்டு வா என்று இயேசு சொல்லவில்லை. பிள்ளை எழுந்து நின்றது.

வெளியே கஞ்சியும் காணத்துவையலும். கமிட்டி உறுப்பினர் ஒருவர், "ஜெயத்தோட முடிச்சிருக்கலாம் டீச்சர்" என்றார். எனக்கு முகம் தெரியாத ஒரு பெண் கஞ்சி வரிசையில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், எதுவும் பேசவில்லை. வரிசை நகர்ந்ததும் விட்டுவிட்டாள்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

நாலரை மணி ஆராதனை, பிறகு கல்லறைத் தோட்டம். ‘உயிர்த்தெழுந்தார்’ என்று எல்லாரோடும் சொன்னேன். சொல்லும்போது நம்பினேன். அண்ணன் கல்லறைச் சிமெண்டைத் தொட்டபோது அவ்வளவு நிச்சயமில்லை. மெழுகுவர்த்தி காற்றில் நிற்கவே இல்லை. மைனி முந்தானையால் மறைத்துப் பிடித்தாள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

இன்று இயேசுவின் சீஷன் தோமாவின் பாடம். சந்தேகத் தோமா என்று பெயர் வைத்துவிட்டோம். சென்னையில் பரங்கிமலையும் அவர் பெயரில்தான் இருக்கிறது, சந்தேகத்தை மட்டும் விடமாட்டோம். இயேசு உயிர்த்தெழுந்தார் என்பதை, அவர் காயத்தில் விரலைப் போட்டாலொழிய நம்பமாட்டேன் என்றார். அப்புறம் எட்டு நாள். அந்த எட்டு நாளும், கண்டோம் கண்டோம் என்று சொல்கிறவர்கள் நடுவில், காணாத ஒரே ஆளாக அவர் இருந்திருக்கிறார். அவர்கள் அவரை வெளியே தள்ளவில்லை. அவரும் கோபித்துக்கொண்டு போகவில்லை. எட்டாம் நாள் அதே வீட்டில் அவர்களோடு இருக்கிறார். கடைசியில் விரலை வைத்தாரா என்று யோவான் எழுதவே இல்லை.

கோயில் முடிந்து மைனி வீடு. கறிக்குழம்பு, ஈஸ்டர் வந்துவிட்டதே. தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தபோது அட்டை கீழே விழுந்தது. எடுத்து வைத்துக்கொண்டு, "மைனி, இத இனிமே பெட்டியில வச்சிரட்டுமா?" என்று ஒருவழியாகக் கேட்டுவிட்டேன்.

கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து வாங்கினாள். முந்தானையில் துடைத்தாள். மேஜை இழுப்பறையில் செல்லோடேப் தேடி, நாலு மூலையும் ஒட்டினாள்.

"இருக்கட்டும். நான் போகும்போது கையோட கொண்டு போவணும். காட்டிக் கேக்கணும்லா" என்றாள்.

அப்புறம், "சோறு ஆறுது, உக்காரு" என்றாள்.