ரெட் அலர்ட்டுக்கு மேல என்ன கலர்?

2023 டிசம்பர் 17, ஞாயித்துக்கிழமை. அம்மா தூத்துக்குடி மாவட்டம் ஏரல்ல, நான் சென்னைல. மழைக்கு ரெட் அலர்ட்டுன்னு டிவில ஓடுது, போன் போட்டா "இவனுவ எப்பவும் இப்டித்தாம்ல சொல்லுவானுவ, நாளைக்கு ஸ்கூல் லீவு, அம்புட்டுதான்"னு வச்சிட்டாங்க. அன்னைக்கு ராத்திரியே லைன் போச்சு. மூணாம் நாள்தான் குரல் கேட்டேன், வெள்ளத்துல அரிசி டின்ன கூட எடுக்காம பக்கத்து வீட்டு மொட்டை மாடில இருந்திருக்காங்க.

அம்மாவ குத்தம் சொல்ல முடியல. வானிலை மையம் கணக்குல 24 மணி நேரத்துல 20 செ.மீ.ய தாண்டினாலே "அதிகனமழை", அந்த அளவுப் பட்டியல்ல அதுதான் கடைசி படி. அன்னைக்கு காயல்பட்டினத்துல பேஞ்சது 95 செ.மீ. 21 பேஞ்சாலும் அதே பேரு, 95 பேஞ்சாலும் அதே பேரு, அப்புறம் ஊர்க்காரங்க எத வச்சு பயப்படுறது சொல்லுங்க?

அதுக்கப்புறம் மத்திய அரசும் மாநில அரசும் மழைய முன்னாடியே சொன்னீங்களா சொல்லலையான்னு மாறி மாறி சண்ட போட்டாங்க, அது தனி கூத்து.

வேலையே நடக்கலன்னு சொல்லல. 2024 செப்டம்பர்ல மத்திய அரசு "மிஷன் மௌசம்"னு 2,000 கோடி ஒதுக்கினாங்க, ரேடார் நிறைய வைக்க, கம்ப்யூட்டர் பலத்த கூட்ட. 2025 மே மாசம் பாரத் ஃபோர்காஸ்ட் சிஸ்டம்னு வானிலைய கணிக்கிற புது கம்ப்யூட்டர் முறை வந்துச்சு, முன்னாடி 12 கிலோமீட்டருக்கு ஒரு கட்டம்னு கணக்கு போட்டத இப்போ 6 கிலோமீட்டருக்கு கொண்டு வந்துட்டாங்க. எங்க பக்கம் இது பெரிய விஷயம்தான், ஏன்னா அன்னைக்கு காயல்பட்டினத்துல 95னா பக்கத்துல இருக்குற திருச்செந்தூர்ல 69, ஸ்ரீவைகுண்டத்துல 62. மாவட்டம் முழுக்க ஒரே கலர் அடிச்சா இதெல்லாம் எங்க தெரியும். புயல் விஷயத்துல நல்லாவே தேறிட்டாங்க, 1999ல ஒடிசா புயல்ல கிட்டத்தட்ட 10,000 பேர் செத்தாங்க, 2013 ஃபைலின் புயல் அப்போ முன்கூட்டியே லட்சக்கணக்குல ஆளுங்கள நகர்த்தி சாவ சில பத்துக்குள்ள நிறுத்துனாங்க. புயல்னா நாலு நாளா கடல்ல வர்றது தெரியும். இந்த மாதிரி ஒரே இடத்துல நின்னு கொட்டுற மழைதான் இன்னும் கைக்கு சிக்கல.

இப்பல்லாம் மொபைல்ல சைரன் மாதிரி கத்திக்கிட்டு எச்சரிக்கை மெசேஜ் வருது. மொத தடவ வந்தப்போ அம்மா போன தூக்கி கட்டில்ல போட்டுட்டாங்களாம், வெடிக்கப்போகுதுன்னு. இப்போ பழகிட்டாங்க. மெசேஜ் வந்தா எனக்குத்தான் போன் வரும், "ஏல, ரெட்டுங்கானுவ, எவ்வளவு ரெட்டுன்னு பாத்து சொல்லு".