ரொட்டி எத்தனை மணிக்கு?

தாதியர் பயிற்சியின் இரண்டாம் ஆண்டில், பெண்கள் வார்ட்டிலிருந்து வீடு திரும்பவிருந்த ஓர் அம்மாவுக்கு மருந்துகளைக் கொடுத்து விளக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. ஐம்பத்தெட்டு வயது. பென்ஷன் வயது கடந்தும் கைக்காசுக்குத் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகிறவர். சீனி வருத்தத்துக்கு, அதாவது நீரிழிவுக்கு, கிளிபென்கிளமைட் 5 மில்லிகிராம், காலையில் ஒன்று. "காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போடுங்கள் அம்மா. சாயத்தண்ணிக்குச் சீனி சேர்க்க வேண்டாம்" என்றேன். சாயத்தண்ணி என்றால் பால் சேர்க்காத தேநீர். பாடத்தில் படித்ததை ஒரு சொல்லும் பிசகாமல் சொல்லிவிட்ட நிறைவு எனக்கு. அவர் என் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்தாம் நாள் கொழுந்து லொறியில் சாக்குகளின் மேல் படுக்கவைத்து அவரைக் கொண்டுவந்தார்கள். குளிர் காலை, ஆனால் சட்டை வியர்வையில் ஒட்டிக்கிடந்தது. அழைத்தால் முனகல் மட்டும். விரல் நுனியில் குத்திப் பார்த்தபோது இரத்தச் சீனி டெசிலீட்டருக்கு 34 மில்லிகிராம். எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சீனி என்று நாம் படிக்கிறோம். ஐம்பது வீத டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ் கரைசல், 50 மில்லிலீட்டரைப் பெரிய இரத்த நாளம் ஒன்றில் மெல்ல ஏற்றினார்கள். சில நிமிடங்களில் கண் திறந்து, "என் கொழுந்துக்கூடை எங்கே?" என்று கேட்டார்.

எல்லாம் முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன். வார்ட் சிஸ்டர் விடவில்லை. "என்ன மருந்து போட்டிருக்கிறார் என்று பார்த்தாயா? அது இன்னும் உள்ளேதான் இருக்கிறது. மணிக்கு ஒரு தடவை பார்த்து எழுது" என்றார். கிளிபென்கிளமைட் நீண்ட நேரம் வேலை செய்யும் மருந்து. வயதானவர்களிடமும் சிறுநீரகம் தளர்ந்தவர்களிடமும் இன்னும் நீளும். பிற்பகல் மூன்று மணிக்கு மறுபடியும் 58. உடனே டெக்ஸ்ட்ரோஸ் சேலைன் போட வேண்டியிருந்தது. அன்று சிஸ்டர் மட்டும் இல்லாவிட்டால், கண் விழித்துவிட்டாரே என்று நான் அடுத்த கட்டிலுக்குப் போயிருப்பேன்.

மாலையில் அவர் அருகில் உட்கார்ந்து நடந்ததைக் கேட்டேன். நாலரைக்கு எழும்பித் தண்ணீர் பிடித்து, ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, ஐந்தரைக்கு மாத்திரையைச் சாயத்தண்ணியுடன் விழுங்கியிருக்கிறார். சீனி போடவில்லை, நான் சொன்னபடி. பேரப்பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு மலையேறியிருக்கிறார். ரொட்டி துணியில் சுற்றி இடுப்பில் இருந்தது. அதைத் தின்பது பத்து மணித் தேநீர் நேரத்தில். "காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் என்று நீங்கள்தானே சொன்னீர்கள், மிஸ். எங்களுக்குக் காலைச் சாப்பாடு அதுதானே."

நான் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். என் அம்மாவும் இருபது வருடங்களுக்கு மேல் பத்து மணிக்குத்தான் முதல் ரொட்டியைத் தின்றாள், இடுப்பில் கட்டிய நனைந்த படங்குச் சாக்கைக் கழற்றாமல் தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நின்றபடியே. அதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, வெள்ளைச் சீருடையைப் போட்டதும் அது மறந்துவிட்டது. இன்றுவரை எனக்கு வலிப்பது அதுதான்.

வார்ட்டில் நோயாளிக்கு ஆறு மணிக்கு மருந்து, சொன்ன நேரத்தில் சாப்பாடு. அங்கே "சாப்பாட்டுக்கு முன்" என்பதற்கு ஒரே பொருள். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று மனப்பாடம் செய்கிறோமே, அந்த ஐந்தாவது நம் கையில் இருப்பது வார்ட்டுக்குள் மட்டும்தான். வாசலைத் தாண்டியதும் நேரத்தைத் தீர்மானிப்பது, காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டு.

பிள்ளைகளே, மருந்தின் பெயரோடு அது எப்படி வேலை செய்கிறது என்பதையும் படியுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். நோயாளிக்கு மெட்ஃபோர்மினும் கிளிபென்கிளமைட்டும் "சீனி மாத்திரை"தான். நமக்கு அப்படி இருக்கக்கூடாது. மெட்ஃபோர்மின் தனியாக இரத்தச் சீனியை இப்படிக் கீழே தள்ளுவது அரிது. வயிற்றைப் புரட்டாதிருக்கச் சாப்பாட்டோடு கொடுக்கிறோம். கிளிபென்கிளமைட் கணையத்தை உந்தி இன்சுலினைச் சுரக்க வைக்கும், சோறு வந்தாலும் வராவிட்டாலும். இந்த ஒரு வாக்கியம் அன்று என் தலையில் இருந்திருந்தால், "எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள்?" என்ற கேள்வி தானாகவே வந்திருக்கும். இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: இரத்த அழுத்தத்துக்குத் தரும் அட்டெனோலோல், புரொப்ரனலோல் போன்றவற்றையும் எடுப்பவருக்குத் தாழ்சீனியில் நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் போகலாம். வியர்வை மறையாது. வியர்வையைப் பாருங்கள்.

சாயத்தண்ணியைப் பற்றி எந்த மலையகத் தாதியும் யோசிக்காமல் இருக்கக்கூடாது. கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறோம். மூன்று மாதமாகப் போட்டும் இரத்தம் ஏறவில்லை என்று வருகிறார்கள். "ஒழுங்காகப் போடுவதில்லை" என்று அவர்களைத் திட்டுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது பொறுக்காது. ஒழுங்காகத்தான் போடுகிறார்கள், கையில் இருக்கும் சாயத்தண்ணியோடு! தேயிலையின் துவர்ப்புச் சத்து இரும்பைப் பிடித்துக்கொள்ளும். உடலுக்குள் போவது குறையும். மாத்திரைக்கு முன்னும் பின்னும் குறைந்தது ஒரு மணி நேரம் தேநீர் வேண்டாம். சாதாரணத் தண்ணீரோடு, முடிந்தால் தேசிக்காய்ச் சாறு கலந்து குடிக்கட்டும். கல்சியம் மாத்திரையையும் இதோடு சேர்க்கக்கூடாது. மலம் கறுக்கும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் பயந்து நிறுத்திவிடுவார்கள். மலையில் நாள் முழுவதும் தேநீர்தான் தெம்பு, அதை விடு என்று சொல்ல எனக்கு மனம் வராது. இரவு படுக்கும் நேரத்துக்கு மாத்திரையை மாற்றிவிட்டால் பாதிச் சிக்கல் தீரும்.

மூட்டுவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள்தான். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே கிழமையின் பெயரைச் சொல்லிக் கொடுங்கள். நான் வெள்ளிக்கிழமை என்பேன். கோயிலுக்கு விளக்கேற்றும் நாளை நம் பெண்கள் மறப்பதில்லை.

மருந்துகளைக் கம்பனி வைக்கும் பெயரில் அல்ல, பொதுப்பெயரில் படியுங்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் பேராசிரியராக இருந்த சேனக பிபிலே இதற்காகவே போராடினார். 1971இல் தொடங்கிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரும் அவரே. கிளினிக்கில் தரும் பரசிட்டமோலும் கடையில் வாங்கும் பனடோலும் ஒன்று என்று தெரியாமல் இரண்டையும் விழுங்குகிறவர்கள் நம் லயங்களில் நிறையப் பேர். வளர்ந்தவருக்கு 500 மில்லிகிராம் மாத்திரை 24 மணி நேரத்தில் எட்டுக்கு மேல் கூடாது. நோயாளி கொண்டுவரும் பையைக் கட்டிலில் கொட்டி, ஒவ்வொரு உறையாகப் பாருங்கள்.

அந்த அம்மாவின் மருந்தை டாக்டர் மாற்றினார். புதிய உறையில், சிங்கள எழுத்துகளுக்குப் பக்கத்தில், வட்டமாக ஒரு ரொட்டியும் அதன் மேல் ஒரு மாத்திரையும் வரைந்தேன். ரொட்டி கைக்கு வந்த பிறகுதான் மாத்திரை. இடுப்பு முடிச்சில் எப்போதும் கொஞ்சம் சீனி இருக்கட்டும், கை நடுங்கினால் உடனே வாயில் போடுங்கள் என்று சொல்லி, நான் சொன்னதை அவரையே திருப்பிச் சொல்ல வைத்தேன். அடுத்த மாதம் கிளினிக் வரிசையில் என்னைத் தேடிப்பிடித்து, புது உறையை நீட்டினார்.

"இதில் ரொட்டி போடவில்லையே, மகள்."

பேனாவை எடுத்தேன்.